முதலில் இருக்கை, அப்புறம் கார்: ஸ்போர்ட்ஸ் கார் கான்செப்ட் புராஜெக்ட் எடுக்கும் மாணவர்களுக்கு

புதுச்சேரி, கடலூர் பக்கத்தில் மெக்கானிக்கலோ ஆட்டோமொபைலோ படித்துக்கொண்டு, இறுதி ஆண்டு புராஜெக்டுக்கு "ஸ்போர்ட்ஸ் கார் கான்செப்ட் டிசைன்" என்று தலைப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்து எங்கே தொடங்குவது என்று விழித்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாலிடெக்னிக் மாணவர்களுக்கும், நுண்கலை படித்துவிட்டுக் கார் வரைய ஆசைப்படுபவர்களுக்கும் இது பொருந்தும்.

இத்தகைய புராஜெக்ட் அறிக்கைகளில் அடிக்கடி பார்ப்பது ஒன்று. முதல் பக்கத்தில் பளபளப்பான சிவப்புக் கார், தரையோடு தரையாக. ரிவ்யூவுக்கு வந்திருக்கும் பேராசிரியர், "இதற்குள் ஆள் எங்கே உட்காருவார்? தலை எங்கே வரும்?" என்று கேட்டால் குழுவில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அழகான கோட்டை வரைந்துவிட்டு அதற்குள் மனிதனைத் திணிக்கப் பார்ப்பதால் வருகிற வினை இது. உட்காருபவரையும் சக்கரங்களையும் முதலில் வைத்துவிட்டு அவற்றைச் சுற்றி உடலை வரைந்தால் பாதிக் கேள்விகள் எழவே எழாது. கீழே உள்ள வரிசை அந்த எண்ணத்தில்தான் அமைந்திருக்கிறது.

எதைச் செய்யப் போகிறீர்கள்

கான்செப்ட் கார் என்பது விற்பனைக்கான கார் அல்ல. ஒரு யோசனையைக் கண்ணால் பார்க்கும்படி செய்து காட்டுவது, அவ்வளவுதான். ஜெனரல் மோட்டார்ஸில் ஹார்லி ஏர்ல் 1938-இல் செய்த ப்யூக் ஒய்-ஜாப் என்ற வண்டியைத்தான் முதல் கான்செப்ட் கார் என்று பொதுவாகச் சொல்வார்கள். 1970-இல் பெர்டோனே நிறுவனம் காட்டிய லான்சியா ஸ்ட்ராடோஸ் ஜீரோவின் உயரம் வெறும் 84 செ.மீ.; முன்கண்ணாடியைத் தூக்கித்தான் உள்ளே ஏற வேண்டும். நம் நாட்டு உதாரணம் வேண்டுமென்றால், டாடா 2017-இல் ஜெனீவா கண்காட்சியில் வைத்த ரேசிமோ. நீளம் 3835 மி.மீ., உயரம் 1208 மி.மீ., இரண்டு பேர் உட்காரலாம், எஞ்சின் இருக்கைக்குப் பின்னால். விற்பனைக்கு வரவில்லை. ஆனால் மாணவர்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது கடினம், ஏனென்றால் அளவுகள் நியாயமானவை.

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி பந்தயத் தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போன்ற போட்டிகளுக்கு மாணவர்கள் கட்டும் ஒற்றை இருக்கை வண்டி வேறு ஜாதி. அது ஓட வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும், விதிப்புத்தகத்தில் உள்ள சோதனைகளில் தேற வேண்டும். அதற்குப் பெரிய குழுவும் பணமும் வேண்டும். இந்தக் கட்டுரை ஓடாத காரைப் பற்றியது. படம், கணக்கு, சிறிய அளவு மாதிரி ஆகிய மூன்றையும் ஒரு செமஸ்டரில் முடிப்பதே நோக்கம். "ஓட்டியும் காட்டுகிறோம்" என்று கைடிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓடும் சாதாரணக் காரின் உடலை இஷ்டத்துக்கு மாற்றிச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவைக்கிறேன்.

யாருக்காக, எந்தச் சாலைக்காக

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒரு குறிப்பு எழுதுங்கள். ஓட்டுபவர் யார், எங்கிருந்து எங்கே போகிறார், பக்கத்தில் யார், பின்னால் என்ன சாமான், இரவில் வண்டி எங்கே நிற்கும். "இளைஞர்களுக்கான அதிவேகக் கார்" என்று எழுதினால் அது குறிப்பு ஆகாது, விளம்பர வாசகம் ஆகிவிடும்.

நம் ஊரை வைத்தே எழுதலாம், சிரமமே இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சனிக்கிழமை காலை மாமல்லபுரம் வரை போய் வரும் இருவர். அல்லது தினமும் கடலூரிலிருந்து கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் புதுச்சேரிக்கு வேலைக்கு வரும் ஒருவர். முதல் ஆளுக்கு நீண்ட நேரம் உட்கார்ந்தாலும் முதுகு வலிக்காத இருக்கை வேண்டும். இரண்டாம் ஆளுக்கு வேகத்தடையில் அடிவயிறு தட்டாத வண்டி வேண்டும். ஒயிட் டவுன் தெருக்களில் நிறுத்த வேண்டுமென்றால் அகலம் 1800 மி.மீ.-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. இந்தப் பக்கம் கடல் காற்று உப்பைக் கொண்டுவரும், ஆகவே மெல்லிய இரும்புத் தகட்டுக்குப் பதில் ஃபைபரோ அலுமினியமோ ஏன் என்பதற்குக் காரணம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

மாணவர்கள் எல்லோருக்கும் பிடித்தது விமானம்போல முழுக்கக் கண்ணாடிக் கூரை. கொஞ்சம் யோசியுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் அளவுக்கு வெப்பம் இறங்குகிறது. இரண்டு சதுர மீட்டர் கண்ணாடியை அக்னி நட்சத்திரத்தில் நேரு வீதியில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்து பாருங்கள், தெரியும். கண்ணாடிக் கூரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வைத்தால் அதற்கு நிழல் எப்படி, ஏசி எவ்வளவு என்று பதில் வைத்திருக்க வேண்டும்.

ஆளை உட்கார வையுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தொழிலில் இதைப் பேக்கேஜ் என்பார்கள். ஆள், எஞ்சின் அல்லது மோட்டார், சக்கரம், பெட்ரோல் டேங்க் அல்லது பேட்டரி, சாமான் ஆகிய எல்லாம் காருக்குள் எங்கெங்கே இருக்கும் என்று பக்கவாட்டுப் படத்தில் முடிவு செய்வது.

அதற்கு மையப்புள்ளி இடுப்பு மூட்டு. உட்கார்ந்திருப்பவரின் இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் சேரும் இடத்தை எச்-பாயின்ட் என்று குறிப்பார்கள். அந்தப் புள்ளி நின்றுவிட்டால் முதுகு எவ்வளவு சாய்கிறது, கண் எங்கே, தலை எங்கே, குதிகால் எங்கே என்று ஒவ்வொன்றாக வரையலாம். பெரிய நிறுவனங்கள் மிக உயரமான ஆணையும் மிகக் குள்ளமான பெண்ணையும் குறிக்கும் மாதிரி உருவங்களை வைத்துச் சரிபார்க்கும். உங்களுக்கு வகுப்பு நண்பர்கள் போதும். ஆண்கள் விடுதியில் மிக உயரமானவர், பெண்கள் விடுதியில் மிகக் குள்ளமானவர், இருவரையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உட்கார்ந்த உயரம், இடுப்பிலிருந்து முழங்கால், முழங்காலிலிருந்து குதிகால், தோள் அகலம், கை நீளம் ஆகிய ஐந்து அளவு இருந்தாலே போதும்.

இப்போது கீழிருந்து மேலே கட்டுவோம். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 120 மி.மீ. அடித்தளத்தின் தடிமன் 30. குதிகால் வைக்கும் தளத்திலிருந்து இடுப்பு 170 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும், குடும்பக் காரில் இது இன்னும் அதிகம், ஸ்போர்ட்ஸ் காரில் காலை நீட்டித்தான் உட்காருவோம். முதுகு சுமார் 25 டிகிரி சாய்ந்த உயரமான ஆளுக்கு இடுப்பிலிருந்து உச்சந்தலை வரை நேர்செங்குத்தாக ஏறத்தாழ 800 மி.மீ. வரும். தலைக்கு மேல் 40 இடைவெளி, கூரையின் தடிமன் 40. எல்லாவற்றையும் கூட்டினால் 1200 மி.மீ. மேலே சொன்ன ரேசிமோவின் உயரத்தைத் திரும்பப் பாருங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருவது தற்செயல் இல்லை. மனிதன் அதே மனிதன்தான்.

அந்த 1200-ஐ 1050 ஆக்க வேண்டுமா? தாராளமாக ஆக்கலாம், ஆனால் எங்கிருந்து வெட்டினீர்கள் என்று காட்ட வேண்டும். முதுகை இன்னும் சாய்த்தீர்களா? அப்படியானால் ஆள் நீளவாக்கில் அதிக இடம் எடுப்பார், கழுத்தை முன்னால் வளைத்துத்தான் சாலையைப் பார்க்க முடியும். தரை இடைவெளியைக் குறைத்தீர்களா? அதற்கான பதில் கீழே வேகத்தடையில் இருக்கிறது.

மின்சாரக் கார் என்றால் இன்னொரு சிக்கல். பேட்டரியைப் பலகைபோலத் தரையில் பரப்பினால் அதன் தடிமன் முழுவதும் ஆளை மேலே தூக்கிவிடும். உயரமான கார்களில் அது பெரிதாகத் தெரியாது. தாழ்வான காரில் உடனே தெரியும். 2008-இல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டர் லோட்டஸ் எலீஸ் காரின் அடிப்படையில் எழுந்தது. அதில் பேட்டரி இருக்கைகளுக்குப் பின்னால், எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அதனால்தான் அந்தத் தாழ்வான உருவம் தப்பித்தது. நீங்களும் அப்படிச் செய்யலாம், நடுச்சுரங்கம்போல இரு இருக்கைக்கும் இடையில் வைக்கலாம். எதுவானாலும் பக்கவாட்டுப் படத்தில் பேட்டரியை ஒரு பெட்டியாக வரைந்து காட்டுங்கள்.

காகிதத்தில் முடித்த கையோடு முழு அளவில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மொட்டை மாடியிலோ வராண்டாவிலோ தரையில் சாக்பீஸால் காரை மேலிருந்து பார்க்கும் மேற்பார்வைப் படத்தை நிஜ அளவில் போடுங்கள். பக்கத்துச் சுவரில் கறுப்பு டேப்பை ஒட்டிப் பக்கவாட்டுக் கோட்டைப் போடுங்கள். கார் ஸ்டுடியோக்களில் டேப் டிராயிங் என்று இதையே செய்கிறார்கள். உயரமான நண்பரைச் சுவரை ஒட்டி, இடுப்பு மூட்டு தரையிலிருந்து 320 மி.மீ. (120, 30, 170 மூன்றும் சேர்த்து) உயரத்தில் வரும்படி செங்கல் அடுக்கில் உட்கார வைத்து, குதிகாலுக்கு 150 மி.மீ. உயரக் கட்டையும் முதுகுக்குப் பலகையும் கொடுத்து, கையில் ஒரு தட்டை ஸ்டீயரிங்காகக் கொடுங்கள். கூரைக்கோடு அவர் நெற்றியில் ஓடினால் அன்றே தெரிந்துவிடும். அந்தப் புகைப்படத்தை அறிக்கையில் சேருங்கள்; வைவாவில் வேறு எந்தப் படமும் இவ்வளவு பேசாது.

சக்கரமும் தரையும்

டயர் அளவைப் படிக்கத் தெரிய வேண்டும். 225/45 ஆர்17 என்றால் அகலம் 225 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு, உள்ளிருக்கும் ரிம் 17 அங்குலம். பக்கச்சுவர் 101 மி.மீ., அது மேலும் கீழும் இரண்டு தடவை. ரிம் 432 மி.மீ. ஆக முழு விட்டம் சுமார் 634 மி.மீ. இந்த வட்டத்தைத்தான் படத்தில் போட வேண்டும். கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்று 800 மி.மீ. வட்டம் போடாதீர்கள். பெரிய சக்கரத்தால் கார் எப்போதும் கம்பீரமாகத்தான் தெரியும், ஆனால் அது திரும்பவும் மேலும் கீழும் ஆடவும் உள்ளே இடம் வேண்டும். முன்சக்கரம் முழுதும் திரும்பினால் அதன் விளிம்பு ஓட்டுநரின் காலுக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று மேற்பார்வைப் படத்தில் போட்டுப் பாருங்கள்.

முன் பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்தான் வீல்பேஸ். இரண்டு இருக்கைக் காருக்கு 2300-இலிருந்து 2500 மி.மீ. வரை நியாயம். இப்போதைய மாஸ்டா எம்எக்ஸ்-5-இல் 2310, போர்ஷே 911-இல் 2450. நாம் 2450 என்று வைத்துக்கொள்வோம். இரு டயர்களுக்கும் நடுவில் மிஞ்சும் இடைவெளியில் அதே டயர் கிட்டத்தட்ட மூன்று நிற்கும். விகிதம் சரியா என்று பார்க்கக் கார் வரைபவர்கள் கையாளும் சுலபமான சோதனை இது.

இனி வேகத்தடை. நம் மாணவர்கள் தவிர்க்கவே முடியாத கேள்வி. இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொல்லும் வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் உள்ள வில். இதன்மேல் 2450 மி.மீ. வீல்பேஸ் உள்ள கார் நின்றால் நடுவில் வில் எவ்வளவு மேலே எழும்? வீல்பேஸின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் விடை வரும்: சுமார் 44 மி.மீ. 120 மி.மீ. இடைவெளிக்கு இது ஒன்றுமே இல்லை. மூக்குதான் கவனிக்க வேண்டிய இடம். முன்சக்கர மையத்துக்கு முன்னால் மூக்கு 900 மி.மீ. நீண்டிருந்தால், சக்கரம் தடையின் ஓரத்தைத் தொடும்போது மூக்கின் நுனிக்குக் கீழே தடை ஏற்கெனவே 74 மி.மீ. எழுந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது மூக்கு இன்னும் இறங்கும். ஆகவே கீழ் உதட்டை 110 மி.மீ.-க்குக் கீழே கொண்டுபோகாதீர்கள்; அல்லது மூக்கைக் குட்டையாக்குங்கள்.

இது விதிப்படி போட்ட தடைக்கு. உள்தெருக்களில் ஊர்க்காரர்கள் தாங்களே சிமென்டில் எழுப்பிவைத்த ஒரு முழ அகலத் தடை வேறு கதை. அது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் முழு உயரத்தோடு நிற்கும். அதற்கு 44 கணக்கு செல்லாது. தடை 10 செ.மீ. என்றால் இடைவெளியும் 10 செ.மீ.-க்கு மேல் வேண்டும். தரை இடைவெளியைத் தேவைக்கு உயர்த்தும் சஸ்பென்ஷன் என்று எழுதித் தப்பிக்கலாம். அந்த எடையையும் செலவையும் கணக்கில் காட்டினால் சரி.

எடையும் காற்றும்

பொறியியல் மாணவர் என்றால் இந்த இரண்டு கணக்கையாவது போடாமல் ரிவ்யூவுக்குப் போகாதீர்கள். எடை எந்தச் சக்கரத்தில் எவ்வளவு என்பது முதல் கணக்கு. முன் அச்சைப் பூஜ்யமாக வைத்து, ஒவ்வொரு பாகத்தின் எடையையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். ஒரு மாதிரி பார்ப்போம். சட்டகமும் உடலும் 420 கிலோ, 1250 மி.மீ. தூரத்தில். எஞ்சினும் கியர்பாக்ஸும் 190 கிலோ, 2050-இல். இரண்டு பேர் 150 கிலோ, 1350-இல். முன் சஸ்பென்ஷன், சக்கரங்கள் 90 கிலோ, பூஜ்யத்தில். பின்புறம் அதே பாகங்கள் 100 கிலோ, 2450-இல். ரேடியேட்டர், டேங்க் எல்லாம் சேர்த்து 60 கிலோ, 800-இல். மொத்தம் 1010 கிலோ. பெருக்கித்தொகையை மொத்த எடையால் வகுத்தால் எடையின் மையம் முன் அச்சிலிருந்து 1396 மி.மீ. அதாவது 57 விழுக்காடு பின்னால், 43 முன்னால். நடுவில் எஞ்சின் வைத்த காருக்கு இது இயல்பான பங்கீடு. இதை எக்செல் தாளில் போட்டுவைத்தால், பேட்டரியை நகர்த்தும்போதெல்லாம் விழுக்காடு எப்படி மாறுகிறது என்று உடனே பார்க்கலாம்.

இரண்டாவது கணக்கு காற்றுத் தடை. காற்றின் அடர்த்தியில் பாதி, உடலின் வடிவத்தைப் பொறுத்து மாறும் தடைக்கெழு, முகப்புப் பரப்பு, வேகத்தின் வர்க்கம், நான்கையும் பெருக்க வேண்டும். கெழு 0.30, பரப்பு 1.8 சதுர மீட்டர் என்றால் 100 கி.மீ. வேகத்தில் தடை சுமார் 250 நியூட்டன், அதை வெல்ல 7 கிலோவாட் போதும். 200 கி.மீ.-இல் அதுவே 56 கிலோவாட்டுக்கு அருகில் போகும், ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. பின்னால் பெரிய இறக்கை வைத்திருக்கிறீர்களா? கிழக்குக் கடற்கரைச் சாலையில் சட்டப்படி போகும் வேகத்தில் அது செய்யப்போகும் வேலை மிகக் குறைவு. என்னைக் கேட்டால், இறக்கையில்லாத சுத்தமான பின்பகுதிதான் அழகு. ஓபன்ஃபோம் போன்ற இலவச மென்பொருளில் காற்றோட்டத்தைப் பார்க்கலாம். ஆனால் வலைப்பின்னல் எப்படிப் பிரித்தீர்கள் என்று சொல்லத் தெரியாமல் வண்ணப் படம் மட்டும் ஒட்டுவதைவிட மேலே உள்ள கைக்கணக்கு மேல்.

வரையும்போது

இப்போதுதான் பென்சில். பேக்கேஜ் படத்தை ஏ3 தாளில் அச்செடுத்து, மேலே டிரேசிங் தாளை வைத்து வரையுங்கள். அப்படிச் செய்தால் எந்தக் கோடு தலையை வெட்டுகிறது, எது டயரை உரசுகிறது என்று கையே சொல்லும். முதலில் நிறைய, சின்னச் சின்னதாக, பால்பாயின்ட் பேனாவில். ரப்பர் வேண்டாம். பிடித்ததைச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிட்டு அப்புறம் தேர்ந்தெடுங்கள்.

சிறுத்தை, சுறா, கழுகு: இந்த மூன்றையும் முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். ஊரிலேயே நல்ல வடிவங்கள் இருக்கின்றன. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலோ கடலூர் முதுநகர்ப் பக்கத்திலோ ஒரு மாலை போய்ப் படகுகளை வரையுங்கள். படகின் மேல் விளிம்பு நடுவில் தாழ்ந்து முனையில் ஏன் எழுகிறது? அலை உள்ளே புகாமல் இருக்க. முகப்பு மேலே போகப்போக ஏன் வெளியே விரிகிறது? தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ள. வடிவத்துக்குப் பின்னால் உள்ள காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படகையே காரில் ஒட்டவைக்காதீர்கள். மீன் செதில் டிசைன் போட்ட கிரில் யாருக்கும் வேண்டாம்.

பக்கவாட்டுக் கோடு பிடித்த பிறகு, முன்பக்கமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் முக்கால் பார்வைக்கு வாருங்கள். புதியவர்கள் அதிகம் சறுக்குவது சக்கரத்தின் நீள்வட்டத்தில்தான். நீள்வட்டத்தின் குட்டை அச்சு எப்போதும் வண்டியின் ஆக்சில் போகும் திசையிலேயே இருக்க வேண்டும். இது ஒன்று சரியானால் கார் தரையில் உட்காரும்.

விளக்குகளையும் இப்போதே பாருங்கள். பல நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. விதிப்படி, எதிரே வருபவர் கண்ணைக் கூசாத தாழ் ஒளி விளக்கு தரையிலிருந்து குறைந்தது 500 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். பம்பரில் தரையை ஒட்டி விளக்கை வைத்தவர்கள் எல்லாரும் அதை மேலே ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றினால் முகமே மாறிவிடும். அதனால்தான் இதைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது என்கிறேன்.

கணினியில்

பிளெண்டர் இலவசம், கற்றுக்கொள்ள வீடியோக்கள் ஏராளம், படம் அழகாக வரும். ஆனால் அது சிறு தளத் துண்டுகளால் உருவத்தைக் கட்டுகிறது. கார் நிறுவனங்களில் வளைகோட்டுச் சமன்பாடுகளால் பரப்பை அமைக்கும் ஏலியாஸ் போன்ற மென்பொருள்களே புழங்குகின்றன. ஏலியாஸ் மாணவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வேலை தேடும் எண்ணம் இருந்தால் அதில் கொஞ்சமாவது கை வையுங்கள். இந்த வளைகோட்டுக் கணக்கே கார் தொழிற்சாலைகளில் பிறந்ததுதான்: சிட்ரோயனில் பால் த காஸ்தெல்ஜோ 1959-இல் தொடங்கினார், ரெனோவில் பியர் பெசியே 1960-களில் அதைப் பரப்பினார். இருவரும் பிரெஞ்சுக்காரர்கள்; புதுச்சேரி மாணவர்கள் வைவாவில் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு.

கணினி உருவத்தில் வரிக்குதிரைக் கோடுகளைப் போட்டுப் பார்க்கும் வசதி இருக்கும். இரண்டு பரப்புகள் சேரும் இடத்தில் அந்தக் கோடுகள் உடைந்தால் நிஜக் காரிலும் ஒளி உடைந்துதான் தெரியும். அவ்வளவு பார்த்தால் போதும், மாதங்களை இங்கே கரைக்காதீர்கள்.

மாதிரி செய்வது

தனியாகச் செய்பவர் 1:10 அளவில் செய்யலாம்; ரேசிமோ நீளக் கார் அப்போது 38 செ.மீ. குழுவாக இருந்தால் 1:5, அதாவது முக்கால் மீட்டருக்குச் சற்று மேல். ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோகலாம். இதற்குமேல் பெரிதாக வேண்டாம்.

கார் ஸ்டுடியோவில் பயன்படும் களிமண் மெழுகு கலந்தது. 60 டிகிரி அளவில் சூடாக்கினால் இளகும், ஆறினால் சுரண்டலாம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். விலை அதிகம், வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். அதனால் உள்ளே தெர்மாகோல் கட்டையை வைத்து மேலே ஓர் அங்குலம் மட்டும் பூசுங்கள். இன்னொரு வழி, காரை நீளவாக்கில் பாதி மட்டும் செய்து கண்ணாடியில் ஒட்டி நிறுத்துவது. மறுபாதி கண்ணாடியில் தெரியும், மண்ணும் உழைப்பும் பாதி மிச்சம். வில்லியனூர்க் குயவர்களிடம் கிடைக்கும் மண்ணில் செய்ய முடியாதா என்று கேட்பார்கள். ஈரமாக இருக்கும்போது வடிவம் தேடிப் பார்க்க அருமையான மண். ஆனால் காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும், அளவு நிற்காது. முதல் வாரச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மண்ணானாலும் கண்ணளவில் செதுக்காதீர்கள். கணினிப் படத்திலிருந்து குறுக்குவெட்டுகளை எடுத்து, தடித்த அட்டையில் வெட்டி, குறிப்பிட்ட இடைவெளியில் பிடித்துப் பார்த்துப் பார்த்துச் சுரண்ட வேண்டும். இடமும் வலமும் ஒன்றா என்று அதே அட்டையைத் திருப்பிப் பிடித்தால் தெரியும்.

உறுதியான மாதிரி வேண்டுமென்றால் நம் கடற்கரையில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஃபைபர் படகு கட்டுகிற, பழுது பார்க்கிற பட்டறைகள் புதுச்சேரி, கடலூர் மீனவர் பகுதிகளில் உண்டு. அச்சில் மேட் எனப்படும் கண்ணாடி இழை விரிப்பை விரித்து, ரெசின் தடவி, ரோலர் ஓட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்றுவதை அங்கே ஒரு நாள் நின்று பார்த்தால் புத்தகத்தில் படிப்பது வேண்டாம். படகுக்கு அவர்கள் கனமாகப் போடுவார்கள். உங்களுக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட் இரண்டு அடுக்கு போதும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "அண்ணே, சின்ன மாடல்தான், பொழுதுபோகும்போது காட்டுங்க" என்று போய் நிற்காதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கரையில் இருக்கும், அவர்களுக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கும். நாள் கேட்டுக்கொண்டு, கூலி பேசிக்கொண்டு போங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். பாலியெஸ்டர் ரெசின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். தெர்மாகோல் உருவத்தின்மேல் நேராகத் தடவினால் சில நிமிடத்தில் உருவம் குழிவிழுந்து போகும். முதலில் தண்ணீரில் குழைக்கும் சுவர்ப் பட்டி பூசி மூடுங்கள், அல்லது எபாக்சி ரெசின் பயன்படுத்துங்கள். ரெசினைக் கடினமாக்கும் கேட்டலிஸ்டையும் அதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது. முகமூடி, கையுறை, கண்ணாடி மூன்றும் போட்டு, திறந்த இடத்தில் செய்யுங்கள். விடுதி அறையில் வேண்டவே வேண்டாம்.

ரெசின் வாசனையே ஆகாது என்பவர்களுக்குத் திருக்கனூர்க் காகிதக்கூழ் பொம்மைக்காரர்களின் முறை இருக்கிறது. அச்சில் கூழை அழுத்தி, காயவைத்து, மேலே பட்டி பூசித் தேய்க்கும் முறை. புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் இது. இலேசாக இருக்கும், செலவு குறைவு, 1:10 மாதிரிக்குத் தாராளமாகப் போதும். காய நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

பட்டி தேய்ப்பதுதான் மாதிரி வேலையில் பெரும்பாதி. 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 180, 320, 600 என்று போங்கள். பட்டியின்மேல் தண்ணீர் தடவி டியூப்லைட் வெளிச்சத்தின் கீழ் சாய்த்துப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். டிங்கர் கடைக்காரர்கள் கண்ணை மூடி உள்ளங்கையால் தடவியே சொல்லிவிடுவார்கள். ஒருவரைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயிண்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமானால் லேக்கர் பால்போல வெளுத்துவிடும். நவம்பர் ரிவ்யூ என்றால் செப்டம்பருக்குள் பெயிண்ட் முடியும்படி பின்னோக்கி நாள் போடுங்கள்.

ரிவ்யூவும் அதற்குப் பிறகும்

கைடு இயந்திரக் கணக்கில் கெட்டியாக இருப்பார், வடிவத்தைப் பற்றி அவரிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. பரவாயில்லை. அவர் முன்னால் எடைக் கணக்கு, வேகத்தடைப் படம், உட்கார வைத்த புகைப்படம் ஆகியவற்றை முதலில் வையுங்கள். பளபளப்புப் படம் கடைசியில் வரட்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் "ஏன்" என்று நண்பர்களை விட்டுக் கேட்கச் சொல்லி முந்தின நாள் ஒரு ஒத்திகை பாருங்கள்.

இதையே தொழிலாக்க நினைத்தால், பி.இ. முடித்தவர்கள் மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் சீட் (CEED) என்ற வடிவமைப்பு நுழைவுத் தேர்வு எழுதி அங்குள்ள வாகன வடிவமைப்பு முதுநிலைப் படிப்புக்குப் போகலாம். என்.ஐ.டி.யின் காந்திநகர் வளாகத்தில் கார் வடிவமைப்புக்குத் தனி முதுநிலைப் படிப்பு உண்டு, அதற்குத் தனித் தேர்வு. இரண்டுக்கும் போர்ட்ஃபோலியோ முக்கியம். அதில் இறுதிப் படத்தைவிட, தூக்கிப்போட்ட ஓவியங்களும் தலை இடித்த டேப் டிராயிங்கும் இருக்கட்டும்.

மாதிரியைப் புகைப்படம் எடுக்கும்போது கேமராவை மேலேயிருந்து பிடிக்காதீர்கள், பொம்மைக் கார் என்று உடனே தெரிந்துவிடும். நின்றிருக்கும் ஆளின் கண் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டர். 1:5 மாதிரிக்கு அது 32 செ.மீ., 1:10-க்கு 16 செ.மீ. அந்த உயரத்தில் போனைக் கீழே வைத்து, சற்றுத் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். காலையில் வண்டிகளை விடுவதற்கு முன் புதுச்சேரி கடற்கரைச் சாலை வசதியான இடம். வெயில் சாய்வாக விழும், பின்னால் தடுப்பு எதுவும் இருக்காது. ஒரு படத்திலாவது பக்கத்தில் 30 செ.மீ. ஸ்கேல் தெரியட்டும்.